கீழே சமையலறை, மேலே ஆராதனை

இஞ்சோன்
1977 நவம்பர் 24

அண்ணிக்கு,

சுகம் விசாரித்துத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். ஆனால் மார்ச் மாதம் நாங்கள் ஊரைவிட்டு இங்கே வந்ததிலிருந்து நான் இருக்கிறேனா செத்தேனா என்று நீங்கள் கேட்கவில்லை. அதனால் நானும் அந்த வரியைத் தாண்டிப் போகிறேன். அண்ணனுக்கு வயிற்றுவலி நின்றுவிட்டதா என்று மட்டும் தெரிய வேண்டும்.

நம் ஊர் வலைக்காரர் மனைவி சோங்சிம் தன் மகளைப் பார்க்க இங்கே வந்திருந்தாள். அவள் கையில்தான் இந்தக் கடிதத்தையும் ஒரு ஜாடி உப்பு இறாலையும் கொடுத்து அனுப்புகிறேன். முட்டைக்கோஸில் உப்பும் மிளகாய்ப்பொடியும் பிசைந்து கிம்ச்சி ஊறப்போடுகிற வாரம் அல்லவா, இஞ்சோன் இறால் போட்டால் ருசி தனி.

சோங்சிம் ஒன்று சொன்னாள். அறுப்பின் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை சபையில் திருவிருந்து நடந்ததாம், நீங்கள் வழக்கம்போல் கீழே சமையலறையில் இருந்தீர்களாம். "பாஸ்டர் அப்பத் தட்டையே கீழ கொடுத்து அனுப்பினாரு. உங்க அண்ணி கையில மிளகாப்பொடின்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க. ஈஸ்டருக்கும் இதே கதைதான்" என்றாள்.

மிளகாய்ப்பொடி கழுவினால் போகாதா, அண்ணி?

ஒருத்தர் மேல் கசப்பை வைத்துக்கொண்டு அப்பத்தில் கை வைக்கக் கூடாது என்று நம் சபையில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த ஒருத்தர் நான்தானோ என்று எனக்குச் சந்தேகம். நான்தான் என்றால் சொல்லிவிடுங்கள். நீங்கள் ஒரு வருஷமாக அப்பமும் திராட்சரசமும் இல்லாமல் இருப்பது என் தலையில் விழுகிறது, எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன கிறிஸ்துமஸில் நடந்ததை நீங்கள் ஊரில் வேறு மாதிரி சொல்கிறீர்கள் என்றும் கேள்வி. அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன். சமையலறையில் மாட்டியிருக்கிற ஒலிபெருக்கிப் பெட்டியில் ஆராதனையைக் கேட்டுக்கொண்டேதான் நாம் சமைப்போம். கடைசியில் பாஸ்டர் ஆசீர்வாதம் சொல்ல ஆரம்பித்ததும் நூடுல்ஸைக் கொப்பரையில் போட வேண்டும், ஜனங்கள் படியிறங்கி வரும்போது சரியாக வெந்திருக்கும். அன்றைக்குப் பியோன் மூப்பர் பிரசங்கத்துக்கு முன்னால் செய்கிற ஜெபத்தில், நடுவிலேயே, கர்த்தருடைய கிருபையும் தேவனுடைய அன்பும் என்று ஆசீர்வாத வார்த்தையை எடுத்துவிட்டார். ஆராதனை முடிகிறது என்று நினைத்து நான் போட்டேன். வேண்டுமென்று போடவில்லை.

இந்தக் கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை வருகிறது, திருவிருந்தும் இருக்கும். நான் ஊருக்கு வருகிறேன். சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் மேலே போய் உட்காருங்கள்.

ஓக்நிம்


சம்சோன்போ
1977 டிசம்பர் 1

ஓக்நிமுக்கு,

உன் அண்ணனுக்கு வயிற்றுவலி நின்றுவிட்டது. படகு இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் துறைமுகத்தில் கிடக்கிறார். நான் ஊரில் வேறு மாதிரி சொல்கிறேன் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன், எனக்கென்ன தெரியும் என்றார். அவர் கண் போன போக்கைப் பார்த்தால் அவரும் உனக்கு எழுதுகிறார் என்றுதான் படுகிறது.

இறால் ஜாடி வந்தது. திறக்கவில்லை. ஒன்பது மாதம் ஒரு வரி எழுதாதவள் திடீரென்று இறால் அனுப்பினால் நான் என்ன நினைப்பது? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

கையில் மிளகாய்ப்பொடி இருந்தது உண்மை. அத்தனை பேருக்குக் கிம்ச்சி பிசைந்த கை. கழுவினாலும் எரிச்சல் போகாது, நீ பிசைந்திருந்தால் தெரிந்திருக்கும். சோங்சிம் அதைப் பார்க்க எதற்குக் கீழே வந்தாள்? அவளை அனுப்பியது யார்?

நூடுல்ஸ் கதையை எனக்கே எழுதுகிறாய். ஒட்டு மொத்தமும் பசையாகிப் போனது, படகுக்கு ஓட்டை அடைக்கலாம் என்று ஆண்கள் சிரித்தார்கள். இன்றைக்கும் அதற்குக் கஞ்சிக் கிறிஸ்துமஸ் என்றுதான் பெயர். பியோன் மூப்பர் இருபது வருஷமாக அப்படித்தான் ஜெபம் பண்ணுகிறார், எந்த வார்த்தை எங்கே வரும் என்று அவருக்கே தெரியாது. அந்தக் கொப்பரை முன்னால் நின்ற ஒருத்தியும் அதுவரை ஏமாந்ததில்லை. நீ மட்டும் ஏமாந்தாய் என்றால் நான் நம்ப வேண்டுமா?

சரி, அதுகூடப் போகட்டும். நூடுல்ஸுக்காக நான் கோபப்பட்டேன் என்று நினைத்தாயானால் உனக்கு என்னைத் தெரியவில்லை. அத்தனை பேர் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, பியோன் மூப்பர் மனைவி என்ன ஆச்சு என்று கேட்டாள். நீ என்ன சொன்னாய்? "அண்ணி அங்க இல்ல, அதான் நானே போட்டுட்டேன்." நான் எங்கே போயிருந்தேன்? முற்றத்தில் புதைத்த ஜாடியிலிருந்து கிம்ச்சி எடுக்கப் போயிருந்தேன், பனியில், விரல் மரத்துப் போக. நீ சொன்ன ஒரு வார்த்தையில் நான் வேலையைப் போட்டுவிட்டு ஊர் சுற்றப் போனவள் ஆனேன். பதினோரு கிறிஸ்துமஸ் அந்தச் சமையலறையை விட்டு நகராதவள்.

இப்போது நீ வந்து சமைக்கிறாயாம், நான் மேலே போகலாமாம். கரண்டியைப் பிடிக்கிற ஆசை உனக்கு அன்றைக்கே இருந்தது, எனக்குத் தெரியும். நீ கீழே இறங்கினால் நான் மேலே ஏற மாட்டேன். நான் எதைத் தொடுகிறேன் எதைத் தொடவில்லை என்பது எனக்கும் கர்த்தருக்கும் உள்ளது.

மல்சுன்


இஞ்சோன்
1977 டிசம்பர் 7

அண்ணிக்கு,

கரண்டி ஆசையா எனக்கு? இங்கே எங்கள் சபையிலும் என்னைக் கொண்டுபோய்ச் சமையலறையில்தான் தள்ளியிருக்கிறார்கள். தென்கரையிலிருந்து வந்தவள் என்றதும் மீன் கழுவத் தெரியும் என்று முடிவு பண்ணிவிட்டார்கள். இங்கே ஒலிபெருக்கிப் பெட்டியும் கிடையாது. தலைக்கு மேல் ஜனங்கள் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டால் பாட்டு, உட்கார்கிற சத்தம் கேட்டால் பிரசங்கம். இந்த வருஷம் பாஸ்டர் எதைப் பற்றிப் பேசினார் என்று கேட்டால் எனக்கு ஒரு வாக்கியம் சொல்லத் தெரியாது. இந்த லட்சணத்தில் உங்கள் கரண்டியை வேறு பிடுங்கப் போகிறேனா?

அந்த வார்த்தையைச் சொன்னேன். மறுக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள், பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீங்கள் பனியில் கிம்ச்சி எடுக்கப் போனீர்கள் என்று அடுத்த வாக்கியத்தில் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் மூப்பர் மனைவி ஆரம்பித்துவிட்டாள், அவள் ஆரம்பித்தால் யார் பேச முடியும். மன்னியுங்கள் என்று அன்றைக்குச் சாயங்காலம் உங்கள் வாசலில் வந்து நின்றேன். உள்ளே விளக்கு இருந்தது. நீங்கள் கதவைத் திறக்கவில்லை. நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றைக்கும் பஸ் நிலையத்துக்கு அண்ணன் மட்டும்தான் வந்தார்.

எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது, கேட்டுவிடுகிறேன். வேலை இருக்கிறது வேலை இருக்கிறது என்று பதினோரு வருஷம் கீழேயே இருந்தீர்கள். கசப்பு என்மேல் வந்தது போன வருஷம்தான். அதற்கு முன்னாலும் நீங்கள் பண்டிகைக்கு மேலே போனதில்லையே. வேலைதான் காரணமா, இல்லை கொப்பரைக்குப் பின்னால் நிற்பது சௌகரியமாக இருக்கிறதா? மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள்.

கோபம் வந்தால் எழுதித் திட்டுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

ஓக்நிம்


சம்சோன்போ
1977 டிசம்பர் 14

ஓக்நிமுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். பிறகு, நாளைக்கு நான் இப்படி எழுதவே இல்லை என்று நீ சொல்வாய் என்று பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

சௌகரியம் என்றாயே, அந்த வார்த்தை என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. மேலே போய்ச் சும்மா உட்கார்ந்தால் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரிவதில்லை, அது உண்மைதான். இதைப் போய் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் சங்கக் கூட்டம் நடந்தது. கிறிஸ்துமஸுக்கு எத்தனை மூட்டை மாவு, யார் நெத்திலி வறுப்பது, யார் முள்ளங்கி நறுக்குவது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மேடை அலங்காரத்துக்கு ஒரு கூட்டம், பிள்ளைகள் நாடகத்துக்கு உடை தைக்க ஒரு கூட்டம். நான் எழுந்து, இந்த வருஷம் சமையல் கிடையாது என்றேன். ஆளுக்கு ஒரு பொட்டலம் அரிசி மாவில் அவித்த தொக் பலகாரம், ஒரு கமலா ஆரஞ்சு. சனிக்கிழமையே கட்டி வைத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரியாது, எல்லோரும் மேலே ஆராதனைக்கு என்றேன்.

கொலை செய்ததுபோல் பார்த்தார்கள். "உடம்புக்கு ஏதாவதா?" என்று ஒருத்தி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பியோன் மூப்பர் மனைவி, போன வருஷக் கஞ்சிக்குப் பயந்துதான் இப்படிச் சொல்கிறேன் என்றாள். பாஸ்டர் தனியாகக் கூப்பிட்டு, யாராவது மனம் நோகும்படி பேசினார்களா என்று கேட்டார். ஆராதனைக்குப் போக வேண்டும் என்று ஒருத்தி சொன்னால் சபையில் இத்தனை பேருக்குச் சந்தேகம் வருகிறது. நான் மசியவில்லை. சாவி என்னிடம்தானே இருக்கிறது.

ஆகையால் நீ வந்து சமைப்பதற்கு இங்கே ஒன்றும் இல்லை. கரண்டிக்காக இல்லை என்றாயே. கரண்டியே இல்லாத கிறிஸ்துமஸுக்கு நீ வருகிறாயா என்று பார்க்கிறேன்.

இறால் ஜாடியைத் திறந்தேன். உப்பு சரியாக இருக்கிறது.

மல்சுன்


இஞ்சோன்
1977 டிசம்பர் 19

அண்ணிக்கு,

நான் உள்ளே வந்துவிடக் கூடாது என்று சமையலறையையே பூட்டிவிட்டீர்கள். உங்களால்தான் முடியும். இதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

என்னைச் சோதிக்கிறீர்கள், தெரிகிறது. வருகிறேன். சனிக்கிழமை இவருக்குப் பலகை ஆலையில் அரை நாள் வேலை. பிள்ளையை இவரிடமும் மாமியாரிடமும் விட்டுவிட்டு மத்தியானம் கிளம்பினால் ஜின்ஜு வரைக்கும் வந்துவிடுவேன். அங்கே இவர் அத்தை வீட்டில் படுத்து, காலையில் முதல் பஸ். ஆராதனைக்கு முன்னால் வந்துவிடுவேன்.

நான் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் உட்காருவீர்களா, இல்லை எழுந்து போய்விடுவீர்களா? இதை மட்டும் அண்ணனிடமாவது சொல்லி வையுங்கள்.

ஓக்நிம்


சம்சோன்போ
1977 டிசம்பர் 25, சாயங்காலம்

ஓக்நிமுக்கு,

நீ வர மாட்டாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

உன் அண்ணன் காலையிலேயே பஸ் நிலையத்துக்குப் போனார். முதல் பஸ்ஸில் நீ இல்லை. ஆராதனைக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டார். நான் நடுவரிசையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்து இடத்தில் என் கோட்டைக் கழற்றிப் போட்டு வைத்தேன். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம், சுவரோரம் நின்றார்கள். பியோன் மூப்பர் மனைவி குனிந்து, "இங்க யாராச்சும் வராங்களா?" என்று கேட்டாள். "வராங்க" என்று தலையை ஆட்டினேன். அவள் காலம் முழுக்க என்னை வைத்துப் பேச இது ஒன்று போதும்.

ஜன்னல் வழியாக வெளிச்சம் விழுந்தது. பாட்டு எழுந்தபோது எனக்கு அழுகை வந்தது. பெட்டியில் கேட்கும்போது பாட்டு இவ்வளவு பெரிதாக இருக்காது. நம் ஊர் ஆட்கள் இப்படிப் பாடுவார்கள் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை.

பிறகு தட்டு வந்தது. வரிசையில் கை மாறி மாறி என்னிடம் வந்தது. அப்பத்தைப் பார்த்தேன். பக்கத்தில் கோட்டைப் பார்த்தேன். என்னை ஏமாற்றிச் சிரிப்பதற்கென்றே வருகிறேன் என்று எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டு எப்படிக் கை வைப்பது? காலியிடத்தைத் தாண்டி அந்தப் பக்கத்துக்காரியிடம் தட்டை நீட்டிவிட்டேன்.

சமையலறை இல்லை, மிளகாய்ப்பொடி இல்லை, கழுவிய கை. அப்படியும் எடுக்கவில்லை. இது உன் தலையில் விழுகிறது என்று எழுதினாயே, ஆமாம், விழுகிறது.

தொக் பொட்டலம் எடுக்கக் கீழே போனால் சமையலறைத் தரையில் ஈரச் செருப்புத் தடம். பின்வாசல் திறந்து கிடந்தது, பூட்ட மறந்திருக்கிறேன். எல்லோரும் மேலே இருக்கிற சமயம் பார்த்து எவளோ கிம்ச்சி திருட வந்திருக்கிறாள். ஜாடிகளை எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் ஏற்கெனவே ஒரு தடவை எட்டிப் பார்க்கக் கீழே வந்தவள்மேல்தான் எனக்குச் சந்தேகம்.

இனி எழுதாதே.

மல்சுன்


இஞ்சோன்
1977 டிசம்பர் 29

அண்ணிக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதாமல் இருந்தால் சோங்சிம்மேல் திருட்டுப் பழி விழும் போலிருக்கிறது.

அந்தச் செருப்புத் தடம் என்னுடையது.

முதல் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை, பண்டிகைக் கூட்டம். அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். ஓட்டமாக மேட்டில் ஏறி, வழக்கம்போல் கீழ்வாசல் வழியாகத்தான் வந்தேன். என் காலுக்கு வேறு வழி தெரியாது. அடுப்பு அணைந்து சமையலறை ஜில்லென்று இருந்தது, அந்த இடத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பையைப் போட்டுவிட்டு உள்படி ஏறினேன். கதவில் கண்ணாடி இருக்கிறதே, அதன் வழியாகப் பார்த்தேன். உங்கள் முதுகு தெரிந்தது. பக்கத்தில் கோட்டு. நிற்க இடமில்லாத கூட்டத்தில் உங்கள் பக்கத்து இடம் மட்டும் காலி. மூப்பர் மனைவி குனிந்து ஏதோ கேட்டதையும் நீங்கள் தலையை ஆட்டியதையும் பார்த்தேன், அவள் உட்காராமல் போனதையும் பார்த்தேன்.

யாரும் பக்கத்தில் உட்காரக் கூடாது என்றுதான் கோட்டைப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். யாரும் என்றால் நான்தானே. நான் ஊரெல்லாம் பார்க்க வந்து நின்று, நீங்கள் அந்தக் கோட்டை எடுக்காமல் இருந்தால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? திரும்பக் கீழே இறங்கிவிட்டேன்.

அரிசி மூட்டையில் உட்கார்ந்து ஆராதனை முழுவதையும் பெட்டியில் கேட்டேன். நீங்கள் பாட்டைக் கேட்டு அழுத நேரத்தில் நானும் கீழே பாடிக்கொண்டிருந்தேன். தட்டு சுற்றி வரும்போது பெட்டியில் ஒரு சத்தமும் வரவில்லை, பெஞ்சு கிறீச்சிடுகிற சத்தம் மட்டும். அண்ணி இப்போது எடுத்திருப்பார்கள், இத்தனை தூரம் வந்ததற்கு அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். ஆசீர்வாதம் ஆரம்பித்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் உங்களைத் திட்டினேன்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. கோட்டு யாருக்கு என்று படித்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை வந்து ஏன் அழுகிறாய் என்று கேட்டது.

நாம் இரண்டு பேருமே எடுக்கவில்லை, அண்ணி. ஒரு படிக்கட்டு தூரத்தில் இருந்துகொண்டு.

ஜனவரி எட்டாம் தேதி ஞாயிறு எங்கள் சபையில் புது வருஷத் திருவிருந்து. அன்றைக்குத் தொக் சூப் கிண்டுகிற முறை எனக்கு.

ஓக்நிம்


சம்சோன்போ
1978 ஜனவரி 2

ஓக்நிமுக்கு,

முட்டாளே. கதவைத் திறந்து உள்ளே வர மாட்டாயா? நான் தலையை ஆட்டினால் அது உனக்கு எதிராகத்தான் இருக்க வேண்டுமா? நான் உன்னை என்ன சந்தேகப்பட்டேனோ அதே அளவு நீ என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாய். உன் அண்ணனிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "உங்க ரெண்டு பேரையும் ஒரே மூட்டையில போட்டுக் கடல்ல எறியணும்" என்றார். எழுந்து துறைமுகத்துக்குப் போய்விட்டார்.

பாஸ்டரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த திருவிருந்து ஈஸ்டருக்குத்தான் என்றார். ஈஸ்டர் வரைக்கும் என்னால் காத்திருக்க முடியாது. அதற்குள் நான் உன்னைப் பற்றி வேறு ஏதாவது கண்டுபிடித்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

அதனால் சனிக்கிழமை பஸ்ஸில் இஞ்சோனுக்கு வருகிறேன். உன் முறையை வேறு யாருக்காவது மாற்றிவிடு. மாற்ற மாட்டோம் என்று சொன்னால், ஊரிலிருந்து அண்ணி வருகிறாள், அவள் பொல்லாதவள் என்று சொல். கிம்ச்சி கொண்டுவர மாட்டேன். நெத்திலி கொண்டுவர மாட்டேன். வெறுங்கையோடு வருகிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் வெறுங்கையோடு ஒரு வீட்டுக்கும் போனதில்லை, உன் மாமியார் என்ன நினைப்பாளோ என்று இப்போதே குறுகுறுக்கிறது. இருந்தாலும் கொண்டுவர மாட்டேன்.

நீ அன்றைக்குச் சொன்ன வார்த்தையை நான் இன்னும் முழுசாக மறக்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் நாள் முழுக்க உட்கார வேண்டும். வழியில் மறந்துவிட்டு வருகிறேன். மறக்க முடியாவிட்டால் உன் முகத்துக்கு நேராகச் சொல்கிறேன், அதோடு தீர்ந்தது. என் வாசலில் நீ நின்றபோது நான் உள்ளே விளக்கை வைத்துக்கொண்டு கதவைத் திறக்காமல் இருந்ததை நீயும் சொல். கேட்டுக்கொள்கிறேன்.

ஆராதனையில் பக்கத்திலேயே உட்காருவோம். உனக்கு அந்தப் பக்கம் யார் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை, இந்தப் பக்கம் நான். தட்டு வரிசையில் கை மாறி வரும் அல்லவா, எனக்கு அது உன் கையிலிருந்து வரட்டும்.

உன் அண்ணி
மல்சுன்